ஸ்டீம் டெக்கில் கோப்பு ஏற்றும் வேகம்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கணினியிலிருந்து 50 ஜிபி கோப்புறை ஒன்றை ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியில் ஏற்ற ஒருவருக்கு எட்டு நிமிடம் போதும். அதே கருவி, அதே கோப்புறை, இன்னொருவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வேறுபாடு தரவு போகும் வழியில் இருக்கிறது. கணினியின் வட்டு, ரவுட்டர், வைஃபை, குறியாக்கம், கடைசியாக எழுதப்படும் இடம் என்று ஐந்து கண்ணிகள் உண்டு. எது மிக மெதுவோ, மொத்த வேகமும் அதுவே. பலர் நல்ல கண்ணியை முடுக்கிக்கொண்டு, மெதுவான கண்ணியை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிய விளையாட்டுகளுக்கு இந்தப் பாடு தேவையில்லை. 2023 பிப்ரவரியில் சோதனைப் பதிப்பாக வந்த உள்வலைப் பரிமாற்ற வசதி, அதே வலையில் உள்ள கணினியிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். இங்கே சொல்வதெல்லாம் படங்கள், இசை, பழைய கருவிகளின் விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டரின் கோப்புகள், சேமிப்புப் பிரதிகள் போன்றவற்றுக்கு.

முதலில் எழுதும் வேகத்தைத் தனியாக அளக்க வேண்டும். டெர்மினலில் டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையால், டெக்கில் செருகிய மைக்ரோஎஸ்டி கார்டில் 4 ஜிபி கோப்பு ஒன்றை எழுதிப் பாருங்கள். இறுதியில், தரவு உண்மையில் பதியும்வரை காத்திருக்கச் செய்யும் எஃப்சிங்க் தேர்வைச் சேர்ப்பது கட்டாயம். இல்லாவிட்டால் டெக்கில் ஓடும் லினக்ஸ் தரவை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும். டெக்கில் 16 ஜிபி ரேம் இருப்பதால் சில ஜிபி வரை இப்படி ஒளிந்திருக்கும். நகலெடுக்கும் பட்டை பாய்ந்து ஓடி, 90 சதவீதத்தில் நிமிடக்கணக்காக நிற்பதற்கும் இதுவே காரணம். அங்கே எதுவும் தொங்கவில்லை. கார்டு இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கார்டைப் பிடுங்கினால் கோப்பு பாழ்.

அடுத்து வலையின் வேகத்தை ஐபெர்ஃப்3 என்ற கருவிநிரல் கொண்டு அளக்கலாம். அது டெக்கில் இல்லை என்றால் பேக்மேன் என்ற நிறுவும் கட்டளையால் நிறுவ வேண்டாம். டெக்கின் லினக்ஸ் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸின் மூலப்பகுதி படிக்க மட்டுமே அனுமதிக்கப்பட்டது. பூட்டைத் திறந்து நிறுவினாலும் அடுத்த புதுப்பிப்பு அதை அழித்துவிடும். 3.5 பதிப்பிலிருந்து கூடவே வரும், மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டிஸ்ட்ரோபாக்ஸுக்குள் நிறுவினால் நிலைத்திருக்கும். ஐபெர்ஃப் நொடிக்கு 550 மெகாபிட் காட்டினால் அது ஏறக்குறைய 68 மெகாபைட். எட்டால் வகுக்க மறந்து குழம்புவோர் அதிகம்.

வைஃபையில் மிகப் பெரிய ஆதாயம் எந்த அமைப்பையும் தொடாமலே கிடைக்கிறது. கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்துவிடுங்கள். இரண்டு கருவிகளும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை போகும்: கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து டெக்குக்கு ஒருமுறை. ஒரே சேனல் என்பதால் வேகம் பாதியாகிவிடும். இதற்குப் பிறகுதான் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுவது. எல்சிடி டெக் வைஃபை 5 வகை. 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இணைப்பு வேகம் 866 மெகாபிட் என்று காட்டினாலும் கையில் கிடைப்பது அதில் அறுபது, எழுபது சதவீதம். 2022இல் வந்த அந்தக் கருவிக்கு இது நல்ல வேகம். 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி டெக்கில் வைஃபை 6ஈ இருக்கிறது. ரவுட்டரும் 6 கிகாஹெர்ட்ஸ் தந்தால்தான் அதன் முழுப் பயன். 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், மேலே சொன்ன ஒன்றரை மணி நேரம் உங்களுக்குத்தான்.

வைஃபை மின்சேமிப்பையும் பார்க்க வேண்டும். டெவலப்பர் பயன்முறையை இயக்கினால் அதற்கான பொத்தான் அமைப்புகளில் தெரியும். அது இயங்கும்போது ரேடியோ இடையிடையே உறங்கி விழிக்கும். பெரிய கோப்பில் இந்தத் தாமதம் அவ்வளவாகத் தெரியாது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளில் ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு சேர்ந்து உயிரை வாங்கும். ஏற்றி முடித்ததும் மறுபடி இயக்கிவிடுங்கள், பேட்டரி மிஞ்சும்.

சிறு கோப்புகளுக்கு உண்மையான மருந்து, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளை. கணினியில் டாரின் வெளியீட்டை எஸ்எஸ்எச் என்ற குறியாக்கப்பட்ட இணைப்பின் குழாய் வழியே அனுப்பி, மறுமுனையில் டாராலேயே பிரிக்க வேண்டும். கோப்புக்குக் கோப்பு கேட்டுப் பதில் வாங்கும் வேலை இல்லாமல் எல்லாம் ஒரே ஓடையாகப் போகும். எமுலேட்டர் அட்டைப்படங்கள் போன்ற குவியல்களுக்கு கோப்பு கோப்பாக அனுப்பும் எஸ்எஃப்டிபியை விட இது பல மடங்கு வேகம். இடையில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஒன்றுதான் குறை. ஆகவே முதல் ஏற்றத்துக்கு டார், பிறகு மாறியவற்றை மட்டும் சேர்க்க ஆர்சிங்க் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

எஸ்எஸ்எச் இயக்க, முதலில் டெக்கில் இருக்கும் "டெக்" என்ற பயனருக்குக் கடவுச்சொல் அமைக்க வேண்டும். தொடக்கத்தில் அது கிடையாது. பிறகு சிஸ்டம்சிடிஎல் கட்டளை கொண்டு எஸ்எஸ்எச்டி சேவையைத் தொடங்கலாம். எஸ்எஸ்எச்சின் குறியாக்க முறையை மாற்றச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கிறது. டெக்கின் ஜென் 2 செயலியில் ஏஇஎஸ் கட்டளைகள் வன்பொருளிலேயே இருப்பதால் ஏஇஎஸ்128-ஜிசிஎம் என்ற முறை இலகுவானது என்பது சரிதான். ஆனால் வைஃபையில் இதுவும் சாச்சா20 என்ற மற்ற முறையும் வலையை விட வேகம்; மாற்றினால் எதுவும் தெரியாது. ஏஇஎஸ் கட்டளை இல்லாத சிறிய ஆர்ம் செயலிக் கருவிகளில்தான் குறியாக்கத் தேர்வு பேசப்பட வேண்டிய விஷயம். அங்கே சாச்சா20 நல்லது. சுருக்கத்தை மட்டும் எல்லாக் கருவியிலும் அணைத்து வையுங்கள். ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோவை ஆர்சிங்க்கின் இசட் தேர்வால் மறுபடி சுருக்குவது செயலியைச் சுடவைக்கும் வேலை.

இனி கார்டு. டெக்கின் துளை யுஎச்எஸ்-1 வகை, உச்சம் நொடிக்கு 100 மெகாபைட் அளவில். உறையில் 190 என்று அச்சிட்ட கார்டு அந்த வேகத்தைத் தர அதற்கென்றே செய்த ரீடர் வேண்டும், டெக்கில் கிடைக்காது. அதுவும் படிக்கும் வேகம்தான். எழுதுவதற்குப் பார்க்க வேண்டியது வி30 குறி, அதாவது தொடர் எழுத்தில் குறைந்தது 30 மெகாபைட். உங்கள் கார்டு அந்தக் குறைந்த அளவிலேயே நின்றால் 50 ஜிபிக்கு 28 நிமிடம். எந்த வைஃபை மாற்றமும் அதைக் குறைக்காது. அப்போது உள் எஸ்எஸ்டியில் முதலில் இறக்கி, பிறகு கார்டுக்கு நகர்த்தினால் கணினியாவது சீக்கிரம் விடுபடும்.

கார்டை ஸ்டீம்ஓஎஸ் வடிவமைத்தால் அது லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறை ஆகும். விண்டோஸ் அதைத் தானாகப் படிக்காது. அதற்காக விண்டோஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால், வேறொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் இல்லாமல், விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டும் புரோட்டானின் கோப்புறைகள் உடையும். அனுமதிகளைச் சேமிக்க இடமில்லாததால் ஆர்சிங்க்கின் ஏ தேர்வும் பிழை பிழையாகக் கொட்டும். அங்கே ஆர், டி இரண்டை மட்டும் கொடுங்கள். ஃபேட்32 கார்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது. நேரக்குறியும் இரண்டு நொடித் துல்லியம்தான் என்பதால், ஆர்சிங்க்குக்கு மாடிஃபை விண்டோ 1 என்று சொல்லாவிட்டால் மாறாத கோப்பையும் ஒவ்வொரு முறையும் திரும்ப ஏற்றும்.

எட்டு நிமிடம் வேண்டுமென்றால் கேபிள்தான்: கிகாபிட் ஈதர்நெட் உள்ள யுஎஸ்பி-சி டாக் (டெக்கோடு மற்ற கேபிள்களை இணைக்கும் பெட்டி), நொடிக்கு 110 மெகாபைட், எழுதும் இடம் உள் எஸ்எஸ்டி. டாக் யுஎஸ்பி 3 வகையாக இருக்க வேண்டும். வெளி வட்டு இணைக்கும்போதும் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜருடன் வரும் சி-சி கேபிள்கள் பெரும்பாலும் யுஎஸ்பி 2 மட்டுமே, 40 மெகாபைட்டைத் தாண்டாது. யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை டி தேர்வோடு ஓட்டி, வட்டின் வரியில் 480எம் என்று வந்தால் குற்றவாளி கேபிள். 5000எம் அல்லது 10000எம் வர வேண்டும்.

நீண்ட ஏற்றத்தின் நடுவே கருவி உறங்கிவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். டெஸ்க்டாப் பயன்முறையில், உறக்கத்தைத் தடுக்கும் சிஸ்டம்டி-இன்ஹிபிட்டுக்குள் கட்டளையை ஓட்டுங்கள், ஆர்சிங்க்குக்குப் பார்ஷியல் தேர்வையும் சேருங்கள். அறுந்தாலும் பாதி ஏறிய கோப்பு வீணாகாது. கார்டைக் கழற்றும் முன், ரேமில் மிச்சமிருப்பதை எழுதி முடிக்கும் சிங்க் கட்டளை கொடுத்து, அது திரும்பும்வரை கை வைக்காதீர்கள்.