"விமானத்துக்குள்ளேயே சார்ஜ் போடலாம்" என்ற கடையை நம்பினேன்: 1,38,000 ரூபாய் எரிந்துபோச்சு

பெரிய ஆர்சி (ரிமோட்டில் பறக்கும் மாடல்) விமானம் பறக்கவிடுபவர்கள், இப்போதுதான் 50 சிசி பெட்ரோல் இன்ஜின் பக்கம் வருபவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் என் விமானம் வீட்டு கார் ஷெட்டில் எரிந்துபோனது. பறக்கும்போது விழுந்து நொறுங்கியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது சார்ஜ் போட்ட இடத்திலேயே எரிந்தது. மொத்த நஷ்டம் 1,38,000 ரூபாய். பிரேம் 58,000, இன்ஜின் 34,000, சர்வோக்கள் (இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) 31,500, ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்கும் கருவி) 4,900. மிச்சம் 9,600 மூன்று பேட்டரி பேக்குக்காக அந்தக் கடைக்குக் கொடுத்தது. அந்த 9,600 ரூபாய்ச் சாமான்தான் மீதி எல்லாவற்றையும் கொளுத்தியது.

கடைப் பெயரைப் போடவில்லை, புகார் போயிருக்கிறது. ஆன்லைனிலும் விற்கும், மாடியில் ஒரு சின்னக் கடையும் வைத்திருக்கும் ஹாபி கடை, அவ்வளவுதான் சொல்வேன்.

புதியவர்களுக்காக ஒரு விஷயம். பெட்ரோல் இன்ஜின் விமானத்தில் ரிசீவருக்கு ஒன்றோ இரண்டோ பேட்டரி, இன்ஜினில் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷனுக்குத் தனியாக ஒன்று இருக்கும். விமானத்தின் எடை சமநிலைக்காக அவற்றை எங்கேயாவது உள்ளே தள்ளிக் கட்டியிருப்போம். ஒவ்வொரு தடவையும் இறக்கையைக் கழற்றி வெளியே எடுப்பது பெரிய வேலை. அதனால்தான் பக்கவாட்டில் ஸ்விட்சோடு சேர்ந்து ஒரு சார்ஜ் ஜாக் வைப்பார்கள். அந்த ஜாக்கில் வருவது பிளஸ், மைனஸ் இரண்டு வயர்தான். ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியாகப் பார்ப்பதற்காகச் செல்களுக்கு நடுவிலிருந்து வரும் பேலன்ஸ் வயர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேக் முழுசாக ஏறினால் 8.4 வோல்ட், அதாவது செல்லுக்கு 4.2. ஆனால் இரண்டு வயரை மட்டும் பார்க்கும் சார்ஜருக்கு மொத்தம் எவ்வளவு என்றுதான் தெரியும். ஒரு செல் செத்துப்போய் 3.7-லேயே நின்றால் இன்னொன்று 4.7 வரை ஏறும், ஆபத்து அதில்தான். திரையில் அப்போதும் 8.4 என்றுதான் காட்டும்.

இதைத்தான் நான் கடைக்காரரிடம் கேட்டேன். பேலன்ஸ் வயரையும் வெளியே கொண்டுவந்துவிடலாமா, இல்லை பேசாமல் லைப்போ அளவுக்குச் சுலபமாகத் தீப்பிடிக்காத லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், அதெல்லாம் தேவையே இல்ல. நம்ம பேக்ல இருக்கறது மேட்ச் பண்ண செல். புது ஸ்டாக், போன வாரம்தான் வந்துச்சு. ஜாக்லயே போடுங்க. என் சொந்த பிளேன்லயே அப்படித்தான் போடறேன்." போனை எடுத்து அவர் விமானத்தின் படத்தைக் காட்டினார், ஜாக் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கியும் காட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார். மூன்று பேக்குக்கும் கனெக்டரை என் கண் முன்னாலேயே பற்றவைத்து, ஸ்விட்சைப் போட்டு, ஒரு சர்வோவை ஆட்டிக் காட்டினார். அவ்வளவு சுத்தமான சால்டரிங். அந்தக் கையைப் பார்த்துத்தான் நம்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் வாட்ஸ்அப்பில் திரும்பக் கேட்டேன். "தைரியமா போடுங்க சார்" என்று குரல் பதிவு அனுப்பினார்.

சனிக்கிழமை டேங்கில் இருந்த பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் சார்ஜ் போட்டேன். 2600 எம்ஏஎச் கொள்ளளவு என்று அச்சிட்ட பேக், 2 ஆம்பியர்தான் வைத்தேன். பக்கத்திலேயேதான் இருந்தேன். முதலில் நெயில் பாலிஷ் மாதிரி தித்திப்பான ஒரு வாசனை. அப்புறம் கேனபி (விமானத்தின் மேல் மூடி) இடுக்கிலிருந்து உஸ்ஸென்று வெள்ளைப் புகை. சார்ஜரைப் பிடுங்குவதற்குள் பக்கவாட்டில் கவரிங் ஃபிலிம் சுருங்கி, ஓட்டை விழுந்து, உள்ளே பால்சா மரச் சட்டம் தீப்பிடித்துக்கொண்டது. வாலைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். வீடு கட்டி மிஞ்சிய மணலை அள்ளிக் கொட்டியும் ரிசீவர் பக்கம் இருந்த இரண்டு பேக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து முடிந்த பிறகுதான் அடங்கியது. அம்மா மேலே மாடியில் இருந்தார். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாதது. அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு கலங்குகிறது.

முன்னால் இன்ஜின் பெட்டிக்குக் கீழே இருந்த இக்னிஷன் பேக் மட்டும் கரியோடு தப்பியது. அதுவும் முதல்நாள் இதே மாதிரி ஜாக்கில் சார்ஜ் போட்டதுதான். பேலன்ஸ் பின்னில் மல்டிமீட்டர் வைத்தேன். ஒரு செல் 4.31, இன்னொன்று 4.07. இதுவா மேட்ச் பண்ண செல்? மேலே இருந்த மஞ்சள் உறையைக் கத்தியால் கீறினேன். உள்ளே வேறு ஒரு கம்பெனியின் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம், பசையோடு பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. "1800" என்பது நன்றாகவே படிக்க முடிகிறது. செல் முனைகளில் ஏற்கெனவே பற்றவைத்துப் பிரித்த பழைய ஈயம். யாரோ பயன்படுத்திக் கழித்த செல்லை ஜோடி சேர்த்து, புது உறை போட்டு 2600 என்று விற்றிருக்கிறார்கள்.

படங்களை அனுப்பினேன். அன்று பதில் இல்லை. மறுநாள், "லைப்போவ விமானத்துக்குள்ள வெச்சு யாராச்சும் சார்ஜ் போடுவாங்களா சார்? இது கஸ்டமர் மிஸ்டேக்." போடச் சொன்னதே அவர்! குரல் பதிவை எடுத்து அனுப்பலாம் என்று தேடினால், அதை எப்போதோ அழித்துவிட்டிருக்கிறார். கடைக்குப் போன் செய்தால் ஒரு பையன் எடுத்து, "அண்ணன் வெளியூர்ல இருக்காங்க" என்றான். பின்னால் அண்ணன் குரல் கேட்கிறது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டதும் அவரே எடுத்தார். "லித்தியம்னா எதுவும் எரியும் சார், போயிங் விமானத்துலயே எரிஞ்சுச்சு" என்றார்.

ஆமாம், எரிந்தது. 2013 ஜனவரியில் பாஸ்டனில் நின்றுகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 787-ல் பேட்டரி பற்றியது. அதே மாதத்தில் உலகம் முழுக்க 787-கள் தரையில் நிறுத்தப்பட்டன. பேட்டரியை மாற்றி வடிவமைத்து, அதைச் சுற்றி ஸ்டீல் பெட்டி போட்ட பிறகுதான் திரும்பப் பறந்தன. பயணிகளின் தவறு என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

கடைசியாக "பேக் காசு வேணா பாதி தரேன், பதிவு எதுவும் போடாதீங்க" என்றார். 1,38,000 ரூபாய் போயிருக்கிறது, பேரம் 9,600-ல் பாதிக்கு. பில்லை எடுத்துப் பார்த்தால் "ஆர்சி ஆக்சஸரீஸ்" என்று ஒரே வரி. பேட்டரி என்ற வார்த்தையே இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது எனக்கு அந்த நிதானம் இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும். லைப்போ என்றால் விமானத்தை விட்டு வெளியே எடுத்து, பேலன்ஸ் வயரையும் மாட்டி, திறந்த வெளியில் சிமென்ட் தரையில் வைத்துச் சார்ஜ் போடுங்கள். உள்ளேயேதான் போடணும் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக் வாங்குங்கள், பேலன்ஸ் வயரையும் வெளியே கொண்டுவாருங்கள். அதற்குச் செல்லுக்கு 3.6 வோல்ட்தான், லைப்போ மோடில் மட்டும் போட்டுவிடாதீர்கள். புது பேக் வாங்கினால் கடையிலேயே ஒவ்வொரு செல்லையும் மீட்டர் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். உறை தளர்வாக இருந்தாலோ, இரட்டை உறை தெரிந்தாலோ தொடாதீர்கள். பில்லில் பேட்டரி, வோல்ட், எம்ஏஎச் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். குரல் பதிவு வந்தால் உடனே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாச்சு. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போடணும். இதே மாதிரி மஞ்சள் உறை பேக் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே அதை விமானத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.