ஐஸ் ஒத்தடமா, வெந்நீர் ஒத்தடமா? பாலூட்டும் வலிக்கான தீர்வுகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

பாலூட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் வலிக்கிறது என்று சொல்லும் தாய்க்கு அறிவுரைகளுக்குக் குறைவிருக்காது. ஒருவர் களிம்பு தடவச் சொல்வார். ஒருவர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்வார். மற்றொருவர் பாலை முழுவதும் பீய்ச்சி எடுத்துவிடச் சொல்வார். போகப் போகப் பழகிவிடும் என்பவர்களும் உண்டு. இவற்றுள் எதுவும் முழுப் பொய்யன்று. ஆனால் ஒரு வலியைத் தணிப்பது இன்னொரு வலியைக் கூட்டிவிடக்கூடும் என்பதால், வலி எப்போது வருகிறது என்பதைக் கவனித்த பிறகே தீர்வுகளை ஒப்பிட முடியும். குழந்தை வாய் வைத்த முதல் அரை நிமிடம் சுருக்கென்று வலித்துப் பின் அடங்குவது தொடக்க நாட்களில் பலருக்கும் உள்ளது. குடிக்கும் நேரம் முழுக்க வலித்தால், பெரும்பாலும் குழந்தை பற்றியிருக்கும் விதம் சரியில்லை. குடித்து முடித்த பின் காம்பு வெளுத்து எரிந்தால், அங்கே இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன என்று கருத இடமுண்டு. ஊட்டாத வேளையிலும் இரு மார்புகளும் கல்லாகக் கனத்தால், அது பால் கட்டிக்கொண்டதன் வலி.

முதல் ஒப்பீடு, களிம்புக்கும் குழந்தையின் பற்றை, அதாவது அது மார்பை வாயால் கவ்வும் விதத்தை, திருத்துவதற்கும் இடையிலானது. என் பார்வையில் இது சமமான போட்டியே அன்று. நுனியை மட்டும் கவ்விக் குடிக்கும் குழந்தையின் வாயில், காம்பு நாக்குக்கும் கடினமான மேலண்ணத்துக்கும் நடுவே ஒவ்வொரு உறிஞ்சலிலும் நசுங்குகிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகுமாறு ஆழமாகப் பற்றினால், காம்பு மென்மையான பின்னண்ணத்தின் அருகே சென்றுவிடுவதால் அந்த நசுக்கலுக்கு வழியில்லை. குடித்து வெளியே வந்த காம்பு புதிய லிப்ஸ்டிக்கின் முனைபோல் ஒரு பக்கம் சரிந்து தட்டையாக இருந்தால், களிம்பை எடுக்கும் முன் பிடிக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். குழந்தையின் மூக்கு காம்புக்கு நேரே இருக்க, வாய் அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, முகவாய் முதலில் மார்பைத் தொடுமாறு அணைத்துக்கொள்வது நல்லது. நேராக அமர்ந்து கையில் ஏந்தும் முறையைவிட, தாய் சற்றே பின்சாய்ந்து குழந்தையைத் தன்மேல் குப்புறக் கிடத்திக்கொள்ளும் முறை பலருக்கு எளிதாக அமைகிறது. குழந்தையின் எடையே அதை மார்போடு அழுத்தி வைப்பதால் பற்று நழுவுவது குறைகிறது. பற்று தவறிவிட்டால் வெடுக்கென்று இழுக்காமல், குழந்தையின் கடைவாயில் சுண்டுவிரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

களிம்புகளுக்குள் எது மேல் என்ற கேள்விக்கு விடை சற்று ஏமாற்றமளிக்கும். லேனோலின், கிளிசரின் ஜெல் பட்டைகள், பீய்ச்சிய தாய்ப்பாலையே தடவுதல் ஆகியவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட திறனாய்வு, ஒன்றும் தடவாமல் விடுவதையோ தாய்ப்பாலைத் தடவுவதையோ விட வேறெதுவும் தெளிவாக மேலானது என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றது. எதைப் பயன்படுத்தியிருந்தாலும் பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பின் 7 முதல் 10 நாட்களுக்குள் வலி குறைந்திருந்தது. ஆகவே செலவில்லாத தாய்ப்பாலில் தொடங்குவதே அறிவு. உடை உரசி வெடிப்பு காய்ந்து ஒட்டிக்கொள்கிறது என்பவர்களுக்கு லேனோலின் இதம் தரும். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கப்படுவதால் கம்பளி ஒவ்வாதவர்களுக்கு அது உகந்ததன்று.

குளிர்ச்சியா, சூடா என்பதில்தான் குழப்பம் அதிகம். பிரசவத்துக்குப் பின் மூன்று முதல் ஐந்து நாட்களில் மார்பு இறுகுவதற்குப் பால் மட்டும் காரணமன்று. இரத்த ஓட்டம் கூடி, திசுக்களில் நீர் கோத்து வரும் வீக்கமும் அதில் சேர்ந்திருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் இரத்தக் குழாய்களை விரிப்பதால் அந்த வீக்கம் கூடக்கூடும். துணியில் சுற்றிய ஐஸை ஊட்டல்களுக்கு இடையே வைப்பது வீக்கத்தையும் வலியையும் தணிக்கும். தாய்ப்பால் மருத்துவக் கழகம் 2022-இல் மார்பு அழற்சிக்கான தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது ஐஸுக்கே முதலிடம் தந்தது. சூடு சிலருக்கு இதமாக இருந்தாலும் அறிகுறிகளை மோசமாக்கலாம் என்றது. பல தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த அறிவுரை இப்படித் தலைகீழானது மூத்தவர்களுக்கு உறுத்தலாக இருப்பது இயல்பே. குளிரவைத்த முட்டைக்கோஸ் இலையும் சிலருக்கு வலியைத் தணிக்கிறது. ஆனால் அதற்கான ஆய்வுகள் வலுவானவை அல்ல.

ஆயினும் ஐஸை எல்லா வலிக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது. குழந்தை வாயை எடுத்ததும் காம்பு வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, பின் சிவந்து, ஊசி குத்துவதுபோல் எரிந்தால், அது இரத்தக் குழாய்ச் சுருக்கம். குளிர்தான் அதைத் தூண்டுகிறது. அங்கே ஐஸ் வைப்பது வலியை வலிய வரவழைப்பதாகும். ஊட்டி முடித்த உடனே உலர்ந்த இளஞ்சூட்டுத் துணியால் மூடி, காற்றுப் படாமல் வைத்துக்கொள்வதே பொருத்தம். காம்பு நசுங்குவதாலும் இந்தச் சுருக்கம் வரும் என்பதால் இங்கும் பற்றைச் சரிபார்க்க வேண்டும். தணியாதவர்களுக்கு மருத்துவர் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நிஃபெடிபின் மாத்திரையைப் பரிந்துரைப்பதுண்டு.

பால் கட்டும்போது முழுவதும் பீய்ச்சிக் காலியாக்குவதா, குழந்தைக்குத் தேவையான அளவோடு விடுவதா என்பதிலும் கருத்து மாறியிருக்கிறது. எடுக்க எடுக்கச் சுரப்பது மார்பின் இயல்பு. வலி தீர வேண்டும் என்று பம்ப் வைத்து ஒட்ட எடுத்தால், சில மணி நேரத்தில் கூடுதலான பாலோடு அதே வலி திரும்பும். அதற்காகத் திடீரென ஊட்டுவதை நிறுத்துவதும் தவறு. குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுத்துவிட்டு, மீதி தாங்க முடியாததாக இருந்தால் இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சலாம். கட்டியைக் கரைப்பதாக எண்ணி அழுத்திப் பிசைவது உள்ளிருக்கும் திசுவைக் காயப்படுத்தி வீக்கத்தைப் பெருக்கும். அக்குளை நோக்கித் தோலை மட்டும் மென்மையாக வருடிவிடுவது போதும். கருவட்டம் இறுகிக் குழந்தையால் பற்ற முடியாதபோது, காம்பைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து உள்நோக்கி ஒரு நிமிடம் அழுத்தினால், நீர் பின்வாங்கிக் கருவட்டம் இளகும்.

மாத்திரைகளில் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டுமே பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை. பாலில் கலக்கும் அளவு மிகக் குறைவு. வீக்கத்தோடு வரும் வலிக்கு ஐபுபுரூஃபன் ஒரு படி மேல். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்குப் பாராசிட்டமாலே பாதுகாப்பு. கோடீன், டிரமடால் ஆகிய ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள் வேண்டாம். குழந்தைக்கு மூச்சுத் தளரும் ஆபத்து உண்டு என்பதால், பாலூட்டும் தாய்மார் இவற்றை உட்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது.

காம்பு புண்ணாகிவிட்டால், காம்பின்மேல் பொருத்தி ஊட்டும் சிலிக்கோன் காம்புக் கவசமா, ஓரிரு நாள் பம்பா? கவசம் குழந்தையை மார்பிலேயே வைத்திருக்கிறது. ஆனால் அளவு பொருந்தாவிட்டால் பால் போதிய அளவு இறங்காது. பம்ப் காம்புக்கு ஓய்வு தருவதாகத் தோன்றினாலும், அதன் புனல் அளவு தவறினாலோ உறிஞ்சும் விசை கூடினாலோ அதுவே புதிய காயத்தை உண்டாக்கும்.

குழந்தையின் நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருப்பதே காரணம் எனத் தெரியவந்தால், அதை வெட்டிவிடும் சிறு சிகிச்சை தாயின் காம்பு வலியைக் குறுகிய காலத்தில் குறைக்கிறது என்று 2017-இன் காக்ரேன் திறனாய்வு கண்டது. குழந்தை பால் குடிக்கும் திறன் மேம்படுவது மட்டும் உறுதியாகவில்லை. பற்றைத் திருத்தும் முயற்சி பயனளிக்காதபோது வெட்டுவதே சரியான வரிசை.

காய்ச்சலும் குளிர் நடுக்கமும் சேர்ந்து மார்பின் ஒரு பகுதி சிவந்து வலித்து, ஒரு நாளுக்குள் தணியாவிட்டால் இந்த ஒப்பீடுகளை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், அப்போதும் பொதுவாகப் பாலூட்டலைத் தொடரலாம். சிகிச்சைக்குப் பின்னும் கரையாத கட்டியை ஸ்கேன் செய்து, சீழ் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு காம்பில் மட்டும் வாரக்கணக்கில் ஆறாமல் தோல் உரிந்துகொண்டே இருக்கும் புண்ணையும் பாலூட்டலின் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.