போர் தண்ணீரும் கருநீலக் காரும்: சேலத்தில் சில வருட அனுபவம்

எங்கள் வீடு கன்னங்குறிச்சி பக்கம். காவிரித் தண்ணீர் முறை வைத்து வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் அது சரியாகப் போய்விடும். குளியல், துணி, செடி, கார் எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். டி.டி.எஸ். மீட்டரை (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) முக்கினால் நல்ல மழைக்குப் பிறகு 900 சொச்சம் காட்டும், சித்திரை வைகாசியில் 1,200-ஐத் தாண்டும். இந்தத் தண்ணீரில்தான் சில வருடங்களாகக் கருநீல நிறக் காரை வீட்டு வாசலிலேயே கழுவி வருகிறேன். இப்போது வெள்ளைப் புள்ளி விழுவதில்லை. இதே தண்ணீரோடு மல்லுக்கட்டும் சேலத்துக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எழுதுகிறேன்.

இந்த மண்ணுக்கு உப்பு புதிதில்லை. கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம் கிடைக்கும் வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லை நம்பி சிமெண்ட் ஆலையே இருக்கிறது. மழைநீர் இறங்கும் வழியில் பாறையிலிருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போருக்கு வந்து சேர்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் டி.டி.எஸ். 500-க்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் தண்ணீர் மோசமில்லை. கார் பெயிண்டுக்குத்தான் அது மிக மோசம்.

ஒரு சின்னக் கணக்கு. டி.டி.எஸ். 1,200 என்றால் ஒரு லிட்டரில் 1.2 கிராம் உப்பு. கழுவி முடித்த கார் மேல் கால் லிட்டர் தண்ணீர் நின்று அப்படியே காய்ந்தால் 0.3 கிராம் வெள்ளைப்பொடி பானெட்டிலும் கண்ணாடியிலும் புள்ளிபுள்ளியாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஷாம்பூ, பிரஷர் வாஷர், எந்தத் துணி என்ற பேச்செல்லாம் இதற்கு அப்புறம்தான். கடைசியாக எந்தத் தண்ணீர் கார் மேல் நிற்கிறது, அது காய்வதற்குள் எடுத்துவிடுகிறோமா, இந்த இரண்டை மட்டும் நான் விடாமல் பார்க்கிறேன்.

ஏற்காட்டில் உறவினர் வீட்டில் தங்கும்போது இது நன்றாகவே தெரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பனியிலும் செம்மண்ணிலும் நனைந்த காரை அங்கேயே ஊற்றுத் தண்ணீரில் கழுவினேன். மீட்டரில் 100-க்கும் கீழே. அதே ஷாம்பூ, அதே துணி. பாதி காயவிட்டுத் துடைத்தும் ஒரு புள்ளி இல்லை.

அந்தத் தண்ணீரைக் கீழே கொண்டுவர முடியாது. ஆனால் கடைசி அலசலுக்கு வேண்டிய தண்ணீர் கொஞ்சம்தான். அழுக்கு போக, நுரை போக எல்லாம் போர் தண்ணீரே போதும். அதன் பிறகு ஒரு பூவாளி நிறைய, எட்டு லிட்டருக்குள், உப்பு குறைந்த தண்ணீரைக் கூரையிலிருந்து மெதுவாக ஊற்றி இறக்கினால் போர் தண்ணீர் வழிந்தோடிவிடும். சின்ன கார் என்பதால் எனக்கு இது போதுகிறது. பெரிய வண்டிக்கு இன்னொரு பாதி வேண்டும். பூவாளி வாயிலிருக்கும் துளை மூடியைக் கழற்றிவிட்டு ஊற்றுங்கள். தூறலாக விழுந்தால் துளித்துளியாக நிற்கும், ஒரே ஓட்டமாக ஊற்றினால் தண்ணீர் விரிப்பு மாதிரி சேர்ந்து இறங்கிவிடும்.

இந்த நல்ல தண்ணீருக்கு எனக்கு மூன்று வழி. முதலாவது மழைநீர். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடியிலிருந்து குழாய் ஏற்கெனவே இறங்குகிறது. அதில் ஒரு கிளை பிரித்து நீல டிரம்மில் விட்டிருக்கிறேன். முதல் மழை மாடித் தூசியோடு வரும், அதை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு பிடித்த தண்ணீர் 30, 40 காட்டுகிறது. டிரம் வாயில் துணி கட்டி மூடி போடாமல் இருக்கவே கூடாது. டெங்குக் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான்.

இரண்டாவது ஏ.சி. தண்ணீர். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பே கிட்டத்தட்ட இல்லை. வெளியே தொங்கும் குழாயைக் கேனுக்குள் விட்டு வைத்தால் போதும். புழுக்கமான ராத்திரியில் நிறைய வரும், வறண்ட வெயிலில் குறையும். தூசி இருக்கும், வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்கிறேன். கோடையில் டிரம் காலியானால் எனக்குக் கை கொடுப்பது இதுதான்.

மூன்றாவது ஆர்.ஓ. தண்ணீர். இரண்டும் இல்லாதபோது மட்டும் எடுக்கிறேன், ஏனென்றால் ஒரு லிட்டர் எடுக்க அதைவிட அதிகமாக வெளியே போகிறது. அந்த வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று பலர் காருக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வீட்டுத் தரையைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு வேண்டாம்.

வீட்டுக்கு சாஃப்ட்னர் போட்டால் தீர்ந்துவிடுமா என்று கேட்பவர்கள் அதிகம். எங்கள் மாடிக் குளியலறைக்கு ஒன்று இருக்கிறது, அந்தத் தண்ணீரிலும் கழுவிப் பார்த்திருக்கிறேன். சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. மொத்த உப்பு குறைவதில்லை. மீட்டரில் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால் புள்ளி விழும். ஆனால் அந்தப் புள்ளி தண்ணீரில் கரையக்கூடியது, ஈரத்துணியில் ஒரே இழுப்பில் போய்விடும். சுண்ணாம்புப் புள்ளி அப்படிப் போகாது. முடிக்கும் தோலுக்கும் கீசருக்கும் சாஃப்ட்னர் போடுங்கள், காருக்காக மட்டும் போட வேண்டியதில்லை.

கழுவும் நேரம் காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. ஓட்டி வந்தவுடன் கழுவுவதில்லை. பானெட் சூட்டில் தண்ணீர் கண்ணெதிரே காய்ந்து பொரிந்து போகும். முழுக் காருக்கும் நுரை பூசிவிட்டு அலசப் போகாமல் கூரை, ஒரு பக்கம், மறுபக்கம் என்று பகுதி பகுதியாக முடிக்கிறேன். கார் ஷாம்பூ எதுவானாலும் சரி. உப்புத் தண்ணீரில் நுரை குறைவாக வரும், அவ்வளவுதான். துணி சோப்பு மட்டும் வேண்டாம், அது கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பாகப் படியும்.

துடைப்பதற்குப் பெரிய மைக்ரோஃபைபர் துணி, தடிமனானது. அதை மழைநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பிறகு விரித்துப் போட்டு இழுக்கிறேன். காய்ந்த துணியைவிட லேசாக ஈரமான துணி முதல் இழுப்பிலேயே தண்ணீரைப் பிடிக்கிறது. பிறகு இன்னொரு காய்ந்த துணி. இந்தத் துணிகளைத் துவைத்துக் கடைசி அலசலை மழைநீரில் செய்யுங்கள். போர் தண்ணீரிலேயே அலசிக் காயவைத்தால் விறைத்துப் போகும், விறைத்த துணி பெயிண்டில் மெல்லிய கோடு போடும்.

இதற்குப் பிறகும் சைடு மிர்ரர், கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட், பின் விளக்கு இடுக்குகளில் தண்ணீர் ஒளிந்திருக்கும். அரை மணி கழித்துச் சொட்டி, நீளமான வெள்ளைக் கோடாகக் காயும். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து அந்த இடங்களை மட்டும் மறுபடி துடைத்துவிடுகிறேன். என் காரில் கடைசியாக மிஞ்சியிருந்த கறை இந்தக் கோடுகள்தான். அந்த ஒரு சுற்றுக்குப் பிறகு அதுவும் நின்றது.

செராமிக் கோட்டிங் போட்டால் கறையே வராது என்று சொல்லி விற்கிறார்கள். கோட்டிங் போட்ட பெயிண்டில் தண்ணீர் உருண்டை உருண்டையாக நிற்கும். அழுக்கு ஒட்டாமலிருக்க அது நல்லது. ஆனால் போர் தண்ணீர் உருண்டை வெயிலில் காய்ந்தால் உப்பெல்லாம் ஒரே வட்டத்தில் குவியும். போட்டவர்கள் இன்னும் கவனமாகத் துடைக்க வேண்டும்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு மளிகைக்கடை வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, நிழலில், பெயிண்ட் குளிர்ந்திருக்கும்போது துணியில் தொட்டு ஒரு நிமிடம் வைத்துத் துடைத்தால் சுண்ணாம்பு கரையும். காயவிடாமல் உடனே அலசிவிட வேண்டும். மெழுகு போட்டிருந்தால் அதுவும் கொஞ்சம் போகும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பாத்ரூம் ஆசிட்டைக் காருக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். வினிகருக்கும் மசியாத புள்ளி இரண்டு வகை: தண்ணீரிலிருந்த சிலிக்கா படிந்தது, அல்லது வெயிலில் கிடந்து பெயிண்டுக்கு மேலிருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டையே அரித்தது. இரண்டுக்கும் பாலிஷ்தான். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்க்கிறது, அதனால் டிக்கி ஓரத்தில் இருக்கும் பழைய புள்ளிகள் சிலவற்றை நான் அப்படியே விட்டிருக்கிறேன்.

மழைநீர் பிடிக்க வழியில்லாத அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு டி-அயனைசர் உருளை ஒன்று கிடைக்கிறது. அதன் வழியாக வரும் தண்ணீரில் டி.டி.எஸ். பூஜ்யம், துடைக்காமலே விடலாம். ஆனால் 1,200 உள்ள போர் தண்ணீரை நேராக அதில் விட்டால் உள்ளே உப்பைப் பிடிக்கும் ரெசின் மணிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாற்றுவதற்கே செலவு போகும். கடைசி அலசலுக்கு மட்டும், அதுவும் காவிரித் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ விட்டால் நீண்ட நாள் வரும். வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு முறை மீட்டரில் பார்த்துவிடுங்கள். எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு வீடு எண் மாறுகிறது.