அடக்கமான ஆட்டமா, அடாவடி ஆட்டமா?

நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் போக்கர் என்ற சீட்டாட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குள் நமக்கு ஒரு பெயர் விழுந்துவிடுகிறது. "நல்ல சீட்டு இல்லாமல் பணம் போடமாட்டார்" என்பது ஒன்று; இது அடக்கமான ஆட்டம். "எதற்கும் துணிந்தவர்" என்பது மற்றொன்று; இது அடாவடி ஆட்டம். முதல் பெயர் இருந்தால் நம் பிளஃப், அதாவது மோசமான சீட்டை வைத்துக்கொண்டு நல்ல சீட்டு இருப்பதுபோல் பந்தயம் கட்டுவது, எடுபடும். இரண்டாவது பெயர் இருந்தால், உண்மையிலேயே பெரிய சீட்டு வரும்போது பிறர் நம்பாமல் பணம் கொடுப்பார்கள்.

அடக்கத்துக்குச் சிறந்த சான்று, 2004 உலகப் போக்கர் தொடரின் இறுதி மேசையில் டான் ஹாரிங்டன் ஆடிய ஒரு கை (ஒரு சுற்று ஆட்டம்). 1995இல் பட்டம் வென்ற அவர், பொறுமைக்குப் பெயர் பெற்றவர். ஜோஷ் ஏரியா பந்தயத்தை உயர்த்தினார். கிரெக் ரேமர் அதே தொகையைப் போட்டுச் சமன் செய்தார். ஹாரிங்டன் கையில் வெறும் 6, 2. அதை வைத்துக்கொண்டு பெரிய தொகைக்கு உயர்த்தினார். இருவரும் சீட்டைப் போட்டுவிட்டு அந்தக் கையிலிருந்து விலகினார்கள். பந்தயத்தைச் சமன் மட்டும் செய்பவரிடம் பெரும்பாலும் மிக வலுவான சீட்டு இருக்காது என்ற கணக்கும் இதில் உண்டு. ஆனால் அன்று மாலை முழுவதும் உயர்த்திக்கொண்டே இருந்த ஒருவர் இதைச் செய்திருந்தால், யாராவது ஒருவர் நின்று பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அடாவடிக்கு 2006இன் ஜேமி கோல்ட். 8,773 பேர் ஆடிய போட்டியில் 1.2 கோடி டாலர் வென்றவர். ஓயாமல் பேசுவார், சில நேரம் தன் சீட்டைப் பற்றி உண்மையையே சொல்லிவிடுவார், எதை நம்புவதென்று எதிராளிக்குத் தெரியாது. கடைசிக் கையில் அவரிடம் ராணியும் 9உம். மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த சீட்டுகள் ராணி, 8, 5; ஆகவே கோல்டுக்கு ராணி ஜோடி. பால் வாசிக்கா ஒரு ஜோடி 10ஐ நம்பி மொத்தத்தையும் வைத்துத் தோற்றார். எதிரில் ஹாரிங்டன் போன்றவர் இருந்தால் அந்த 10களைத் தூக்கிப் போடுவது எளிது.

எனக்கு அடக்கமே மேல். காரணம் செலவு. அடாவடிப் பெயர் வாங்க மோசமான சீட்டுகளோடு பணம் இறக்கியாக வேண்டும். கோல்டிடம் மலை போலச் சிப்கள் (பந்தயப் பணத்துக்கான வில்லைகள்) இருந்தன, தாங்கியது. அடக்கத்துக்கு ஆகும் செலவு, சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்துப் போட வேண்டிய கட்டாயப் பந்தயம் மட்டும். ஒரு குறை உண்டு: நல்ல ஏஸ் ஜோடி வரும்போது எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள், அது உண்மையிலேயே வயிற்றெரிச்சல். இன்னொன்று, பிளஃப் வென்றதும் பெருமைக்காகச் சீட்டைத் திருப்பிக் காட்டினால், சேர்த்த பெயர் அங்கேயே கரைந்துவிடும். காட்டவே காட்டாதீர்கள்.

யாரிடம் இது செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். தன் சீட்டை மட்டுமே பார்க்கும் புதியவருக்கும், கைப்பேசியில் மூழ்கியிருப்பவருக்கும் உங்கள் பெயர் தெரியாது. யோசித்து, உங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சீட்டைப் போடுகிறவரிடம்தான் பிளஃப் செய்யலாம்.

பெரிய மதிப்புச் சிப்களைச் சிறியவற்றின் பின்னால் மறைப்பது இந்தக் கணக்கில் சேராது, அது விதிமீறல். கோல்ட் பாணிப் பேச்சுக்கும் இன்று இடம் குறுகிவிட்டது: கை நடந்துகொண்டிருக்கும்போது, அதுவும் பலர் களத்தில் இருக்கையில், தன் சீட்டு இன்னதென்று பேசினால் பல போட்டிகளில் தண்டனை உண்டு.