கும்பகோணத்தில் காய் வாங்க: உழவர் சந்தையா, தாராசுரம் மார்க்கெட்டா?

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில், அடையாள அட்டை வாங்கிய விவசாயிகளே நேரடியாக விற்பார்கள். தாராசுரத்தில் நடப்பது மொத்த வியாபாரம்.

விலை:
சந்தையில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அதுவே நிம்மதி.
மார்க்கெட்டில் மூட்டையாக எடுத்தால்தான் லாபம். அரைக் கிலோ கேட்டால் மதிக்க மாட்டார்கள்!

பசுமை:
கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, கத்திரி எல்லாம் சந்தையில்தான். சுற்றுவட்டாரத்தில் விளைவது என்பதால், தண்டை வெட்டிய இடத்தில் சாறு கசிந்துகொண்டிருக்கும். காய்ந்து கறுத்திருந்தால் எடுக்காதீர்கள்.
உருளை, பெரிய வெங்காயம் வெளியூர்ச் சரக்கு; மார்க்கெட்டில் நிறைய கிடைக்கும், பொறுக்கியும் எடுக்கலாம்.

நேரம்:
இரண்டுக்கும் விடியற்காலைதான். சந்தையில் பத்து மணிக்கு மேல் போனால் கழித்துப் போட்டதுதான் மிஞ்சும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்குச் சந்தை போதும். கல்யாணம், காதுகுத்து, மெஸ் என்றால் யோசிக்காமல் தாராசுரம். வாழை இலைக்கு மட்டும் முதல்நாளே சொல்லி வையுங்கள், முகூர்த்த நாளில் விலை ஏறிவிடும்.