வயிற்றைத் திறப்பதா, துளை போடுவதா?

கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்றதும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான். "லேப்ராஸ்கோபியிலேயே முடிச்சிடலாமே டாக்டர், அம்மா வலி தாங்க மாட்டாங்க."

நோய் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது பதில். உடல் பருமனும் சர்க்கரையும் கூடக் கூட, கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயும் பல நாடுகளில் கூடிவருகிறது. ஆரம்ப நிலையில் இதற்கு லேப்ராஸ்கோபி என்ற துளை வழி ஆபரேஷனே மேல். நோய் திரும்புவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பருமனான பெண்ணுக்கு நீளக் கீறல் ஆறுவதோ பெரும்பாடு. வயிற்று மடிப்புக்கடியில் ஈரம் தங்கி, தையல் விட்டு, சீழ் பிடிக்கும். இருமும்போதெல்லாம் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் நாட்களும் துளை வழியில் குறைவு.

கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோய் என்றால் கதை வேறு. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியான எல்.ஏ.சி.சி. என்ற ஆய்வில், ஆரம்ப நிலை நோயாளிகளில் நாலரை ஆண்டுக்குப் பிறகு நோயின்றி இருந்தவர்கள் திறந்த ஆபரேஷனில் 96.5 சதவீதம், துளை வழியில் 86 சதவீதம். உயிரிழப்பும் துளை வழியில்தான் அதிகம். துளை வழிக்கு மாறிக்கொண்டிருந்த மருத்துவர்கள் பலர் திரும்பி வர வேண்டியதாயிற்று. இங்கே பெரிய தழும்பையே ஏற்றுக்கொள்ளச் சொல்வேன்.

டாக்டரிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: பயாப்ஸி முடிவும் எம்.ஆர்.ஐ. படமும், அறுவை, கதிர்வீச்சு, கீமோ மருத்துவர்கள் சேர்ந்து உட்காரும் டியூமர் போர்டுக்குப் போனதா? கர்ப்பப்பை வாயில் உள்ள கட்டி 4 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு ஆபரேஷனும் இல்லை, கதிர்வீச்சும் கீமோவும்தான்.