கைவேலைத் துப்பாக்கி உறை வாங்குகிறீர்களா? பளபளப்பைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

வெஜ்-டேன் தோல் (மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது), முழுக்கக் கைத்தையல், துப்பாக்கியின் அளவுக்கே ஈரத்தில் அச்சுப் பிடித்தது. முன்பணம் வாங்கும்போது உறை செய்பவர் சொன்னது இவ்வளவும். வந்த உறை கண்ணாடி போல மின்னியது. இரண்டே வாரத்தில் துப்பாக்கியைச் செருகும் வாய் தொய்ந்துவிட்டது, சட்டையெல்லாம் கறுப்புச் சாயம்.

குட்டு உடைந்தது விளிம்பில். தடிமனாகப் பூசிய பெயின்ட், மடியும் இடத்தில் வெடித்து உரிந்ததும் உள்ளே நீலம் பாய்ந்த சாம்பல் நிறம் தெரிந்தது. அது குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல். பைக்கும் ஜாக்கெட்டுக்கும் அருமையானதுதான். நனைத்து அழுத்தினால் வடிவம் நிற்காது. கனமும் 2 மி.மீ. மட்டுமே. ஒற்றை அடுக்கில் செய்யும் உறைக்கு 3 முதல் 3.6 மி.மீ. வேண்டும். ஒழுங்கான வேலையில் விளிம்புக்குப் பெயின்டே தேவையில்லை: முனையைச் சீவி, 220, 400, 600 என்று உப்புத்தாள் போட்டு, லேசாக ஈரமாக்கி மரக்கட்டையால் தேய்த்தால் இரண்டு அடுக்கும் ஒன்றாகத் தெரியும்.

தையலைத் திருப்பிப் பார்த்தால் அடிநூல் நேர்கோடாகக் கிடக்கிறது, மேல்நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கிறது. மெஷின் தையல், அதுவும் நூலின் இழுப்பு சரியாக வைக்காதது. கைத்தையலில் ஒரே மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக விடுவார்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்திருக்கும். கனரக மெஷினில் தைத்த நல்ல உறைகளும் உண்டு. கைத்தையல் என்று சொல்லிக் கூலி வாங்கியதுதான் மோசடி.

சாயம் ஒட்டுவதற்குக் காரணம் அவசரம். சாயம் காய்ந்தபின் துணியில் நிறம் வராத வரை தேய்த்தெடுத்துவிட்டுத்தான் மேல்பூச்சு போட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் இருபது தடவை தேய்த்தாலே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் தொய்ந்த வாயைப் பொறுக்க முடியாது. துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது மடிந்த தோல், டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் புகுந்து டிரிக்கரை அழுத்திவிடும். அப்படிப்பட்ட உறையை அன்றே ஒதுக்கிவிடுங்கள். செய்தவரிடம் கேட்டதற்கு "பழகப் பழகச் சரியாகும்" என்று பதில் வந்தது. இறுக்கமான புது உறை பழகினால் இளகும். தொய்ந்த தோல் எத்தனை நாள் பழகினாலும் விறைக்காது. சோதிப்பதானால் குண்டு இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, பெல்ட்டில் மாட்டி, ஒரே கையால் எடுத்துச் செருகிப் பாருங்கள். மறுகையால் வாயைப் பிரித்துவிட வேண்டியிருந்தால் அந்த உறை ஆகாது.

முன்பணம் தருமுன் சாயம் ஏற்றாத வெட்டுமுனைக்கும் தையலின் பின்பக்கத்துக்கும் படம் கேளுங்கள். பிறகு கேட்டுப் பயனில்லை; "உங்கள் அளவுக்கென்றே செய்தது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்பார்கள். இந்த உறையில் அந்த அளவு என்பதே கிடையாது. டிரிக்கர் வளையத்தின் வடிவத்தை மேலே கோடாகக் கீறியிருக்கிறார்கள். உள்ளே விரலை விட்டுத் தடவினால் வழவழவென்று தட்டையாக இருக்கிறது.